மூச்சு மட்டும் வரும் போன்

கதவைச் சாத்திரட்டுங்களா? வேண்டாமா? சரி, தொறந்தே கெடக்கட்டும். எங்க சென்டர்ல சாத்தித்தான் வச்சிருப்போம். வெளிய பஸ் ஹாரன் கேட்டா, போன்ல இருக்கறவங்க 'இந்தாளு எங்கயோ பராக்குப் பாத்துட்டு இருக்கான்'னு நெனைச்சுக்குவாங்க. சின்ன விசயம்தான். நீங்க சின்ன வயசு, தெரிஞ்சு வச்சுக்கங்க.

மேடம்னு கூப்பிடறதா என்னன்னு தெரியல. என் பொண்ணைவிட சின்னவங்களா இருப்பீங்க. அம்மிணின்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் அம்மிணி. எனக்கு ஒண்ணும் இல்ல. என் பொண்ணு ஹேமா பெங்களூர்ல இருந்து போன் பண்ணிப் பண்ணி, அழுது, சண்டை போட்டு அனுப்பி வச்சிருக்கா. சென்டர்லயும், ஒரு கவுன்சிலரைப் பாத்துட்டு வாங்க, அவங்க சரின்னு சொன்னாத்தான் மறுபடி போன்ல உக்கார வைப்போம்னுட்டாங்க. வருசக்கணக்கா உக்காந்தவனை. ஒரு கவுன்சிலரைப் போயி இன்னொரு கவுன்சிலர்கிட்ட அனுப்பறது, பல் டாக்டரைப் பல்லு புடுங்கிக்க அனுப்பற மாதிரி இல்லீங்களா? சிரிக்கறீங்க. ஆமா, பல் டாக்டருக்கும் பல்லு வலிக்கும்தான். ஆனா எனக்கு வலிக்கலையே.

உங்க வேலை ரொம்ப சுலபம். சென்டருக்கு ஒரு போனைப் போட்டு, 'தண்டபாணி நல்லாத்தான் இருக்காரு, உக்கார வைங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வர்ற புதன்கெழமையே போயிருவேன். புதன்கெழமை போயாகணும், அதான் அவசரம். ஏன்னு கேக்கறீங்களா? இருங்க, நானே வரிசையாச் சொல்லிடறேன். நடுவுல கேக்காதீங்க, விட்டுப் போயிரும்.

நான் மில்லுல லேபர் ஆபீசரா இருந்தவன். தொழிலாளிக சண்டை, குடி, வீட்டுப் பிரச்சனை, எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். கேட்டுக் கேட்டு என் காது வேற மாதிரிக் காது அம்மிணி. ஒருத்தன் 'சார்'னு சொல்றப்பவே லீவு கேக்க வந்தானா, அட்வான்ஸ் கேக்க வந்தானான்னு தெரிஞ்சுரும். ரிட்டயர் ஆனப்புறம் சும்மா இருக்க முடியல. மனசு ஒடைஞ்சவங்க போன் பண்ணிப் பேசற சென்டர் ஒண்ணு இருக்குது, ஆர்.எஸ்.புரத்துல, தொண்டு செய்ய ஆளு வேணும்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. போயிச் சேந்துட்டேன்.

அங்க பயிற்சி குடுத்தாங்க. கவுன்சிலர்னா வழி சொல்றவன் இல்லைன்னாங்க. கஷ்டத்துல இருக்கறவங்க வழி தெரியாம தவிக்கறதில்ல, கூட நிக்க ஆள் இல்லாமத்தான் தவிக்கறாங்க. நீ வாயை மூடு, காதைத் தொற. அவ்வளவுதான் மொத்தப் பாடமும். இதை நான் எத்தனையோ காலேஜ்ல போயி மைக் புடிச்சுப் பேசியிருக்கேன். மதியச் சாப்பாட்டு மணி அடிச்சும் விட மாட்டேன்.

வீட்டுலயும் பழகிப் பாருங்கன்னாங்க. என் சம்சாரம் சவுந்தரிதான் சிக்கினா. எங்க வீட்டு ஹால்ல லேண்ட்லைன் போன் இருக்குது. சாப்பிடற டேபிளுக்கு அந்தப் பக்கம், செவுத்தோரமா ஒரு சின்ன ஸ்டூல் மேல. அங்க அவளை உக்கார வச்சுட்டு, நான் செல்லை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். 'நீ கஷ்டத்துல இருக்கற பொம்பளை. நான் கவுன்சிலர். கூப்பிட்டுப் பேசு'ன்னேன். கூப்பிட்டா. பேச மாட்டேங்கறா. 'என்னங்க பேசறது?'ங்கறா. 'ஏதாவது கஷ்டத்தைச் சொல்லு'ன்னா, 'எனக்கென்னங்க கஷ்டம்'ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மாடியில இருந்து எறங்கி வந்து திட்டிட்டேன். ஒரு உபகாரம் பண்ணத் துப்பில்லையான்னு கேட்டேன்.

அவ கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா, 'நெஜமா ஒருத்தர் கூப்பிட்டு, பேசாமயே இருந்தா, போனை வச்சிருவீங்களா?'ன்னு. 'வைக்க மாட்டோம். அதான் எங்க ரூல். வெறும் மூச்சு மட்டும் வந்தாலும் கேட்டுட்டே இருப்போம். அவங்களா வைக்கற வரைக்கும் நாம வைக்கக் கூடாது'ன்னேன். 'அப்படிங்களா'ன்னா. மறுபடி போயி ஸ்டூலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டா. நானும் மாடிக்குப் போயி, சென்டர்ல பேசற குரல்ல, 'சொல்லுங்கம்மா, நான் இருக்கேன், அவசரமே இல்ல'ன்னேன். திரும்பி எறங்கி வந்தப்ப என்னை ஒரு மாதிரி பாத்தா. 'இந்தக் குரலு எங்கிருந்துங்க வந்துச்சு?'ன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்தக் குரல்ல ஒரு பக்குவம் இருக்குது அம்மிணி, எல்லாருக்கும் வராது.

சரி, விசயத்துக்கு வர்றேன். தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்க சென்டர் போன்ல கூப்பிடறவங்க நம்பர் தெரியாது. வேணும்னேதான் அப்படி வச்சிருக்கோம். பேரு கேக்கக் கூடாது, ஊரு கேக்கக் கூடாது, திருப்பிக் கூப்பிடக் கூடாது. யாருன்னு தெரியாதுங்கற தைரியத்துலதான் ஜனங்க பேசறாங்க. என்னோட முறை புதன்கெழமை மத்தியானம். கூட ரோஸ்லின் டீச்சர்னு ஒருத்தங்க, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. போன் அடிச்சா யாரு கையில இருக்குதோ அவங்க எடுப்போம்.

போன வருசத்துக்கு முந்தின ஐப்பசியில, நல்ல மழை. ஒரு போன் வந்துச்சு. எடுத்தேன். 'வணக்கம், சொல்லுங்க'ன்னேன். பேச்சே இல்ல. மூச்சு மட்டும் வருது. இப்படி நெறைய வரும், சில பேரு வெளையாட்டுக்குப் பண்ணுவாங்க. ஆனா வெளையாட்டு மூச்சு வேற, இது வேற. எனக்குத் தெரியும். 'பரவால்லம்மா, அவசரமே இல்ல, நான் இருக்கேன்'னேன். அம்மான்னு ஏன் சொன்னேன்னா, வளையல் சத்தம் கேட்டுச்சு. கண்ணாடி வளையல். ரிசீவர்ல பட்டுப் பட்டு வருது. கல்யாணம் ஆனவங்க, வீட்டுல இருக்கறவங்க, வயசும் கொஞ்சம் ஆனவங்கன்னு கண்டுபுடிச்சுட்டேன். கேக்கத் தெரிஞ்சவனுக்கு அது போதுமே.

அடுத்த புதன்கெழமையும் வந்துச்சு. அதுக்கடுத்த புதனும். நேரம் பெசகாது. ரோஸ்லின் டீச்சர் எடுத்தா டக்குனு வச்சிருவாங்க. ஒடனே மறுபடி அடிக்கும். நான் எடுத்தா வைக்க மாட்டாங்க. 'உங்க ஆளு சார், நீங்களே எடுங்க. நான் எடுத்தா பின்னாடி பசங்க கத்தற சத்தம் மட்டும் கேக்குது, வச்சிடறாங்க'ன்னு டீச்சர் சிரிப்பாங்க. என் குரலுக்கு அப்படி ஒரு ராசி. முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொம்பளை, என் குரலைக் கேக்கறதுக்காகவே வாரம் பூரா காத்திருந்து கூப்பிடறாங்கன்னா, பாத்துக்கங்க.

அவங்க பேசலைன்னா என்ன? அவங்களைச் சுத்தி இருக்கறதெல்லாம் எங்கிட்ட பேசுச்சு. மேல ஒரு பேன் ஓடும். ஒவ்வொரு சுத்துக்கும் கீச்னு ஒரு சத்தம். எண்ணெய் போட ஆளில்லாத வீடு. ஒரு பிரிஜ், நின்னு போறப்ப குளிர் வந்த மாதிரி ஒரு ஒதறு ஒதறும், உள்ள பாட்டிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். அப்புறம் பக்கத்துல ஒரு நர்சரி ஸ்கூல். குட்டிப் பசங்க ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லுவாங்க. ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலுன்னு ராகம் போட்டு. எல்லாரும் முடிச்சுருவாங்க. முடிச்சப்புறம், ஒரே ஒரு குட்டி மட்டும் தனியா, 'இருவது'ன்னு கத்தும். எப்பவும் பின்னாடிதான். அது கத்தறப்ப இந்தம்மா மூக்குல ஒரு காத்து வரும். சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடி சிரிப்புக்காக நானும் காத்துட்டு இருப்பேன் அம்மிணி. அந்த வீட்டை நான் கண்ணால பாத்ததில்ல. ஆனா இருட்டுல விட்டாக்கூட நடந்து போயிருவேன், அவ்வளவு பழக்கம்.

ஒரு தடவை, 'சாப்பிட்டீங்களாம்மா?'ன்னு கேட்டேன். சாதாரணமாத்தான் கேட்டேன். வளையல் சத்தம் அப்படியே குலுங்க ஆரம்பிச்சுருச்சு. வாயைப் பொத்திக்கிட்டு அழுகறாங்க. ஒருத்தன்கூட அந்தம்மாவை அதுவரைக்கும் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல போல. எப்படிப்பட்ட புருசனோ! வீட்டுல ஒரு ஜீவன் இப்படி வதங்கிட்டு இருக்குது, இவன் என்னத்தைப் பண்ணிட்டு இருக்கான்? எனக்கு அந்தாளு மேல அப்படி ஒரு ஆத்தரம். நேர்ல பாத்தா கன்னத்துல நாலு வைக்கணும்னு இருந்துச்சு.

தை மாசம் ஒரு நாளு, மூச்சே சரியில்ல. எங்கயோ வலிக்கற மூச்சு. எனக்கு மனசு கேக்கல. வழி சொல்லக் கூடாதுங்கறது ரூல்தான். ஆனாலும் சொன்னேன். 'அம்மா, எங்கிட்ட பேச முடியலைன்னா பரவால்ல. இன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் வந்ததும், பக்கத்துல உக்காந்து, ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிங்க. ஆரம்பிச்சா போதும், மிச்சம் தானா வந்துரும். கட்டின பொண்டாட்டி வாய் தொறந்து சொன்னா எந்த மனுசனும் கேக்காம இருக்க மாட்டான்'னேன். அப்புறம் வளையல் மெதுவா ஒரு தடவை கேட்டுச்சு. சரின்னு தலையாட்டின மாதிரி. போனை வச்சுட்டாங்க.

இந்த வேலை ஆளை எப்படி உறிஞ்சிரும்னு உங்களுக்குச் சொல்றேன், கேளுங்க. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவி முன்னாடி உக்காந்தேன். சவுந்தரி காபி கொண்டாந்து வச்சா. வழக்கமா வச்சுட்டுப் போயிருவா. அன்னைக்குப் போகாம பக்கத்துல உக்காந்தா. 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க'ன்னா. 'கண்ணு, நாள் பூரா ஊர் கஷ்டத்தைக் கேட்டுட்டு வந்திருக்கேன், காதுல எடமே இல்ல. ஞாயித்துக்கெழமை சாவகாசமாப் பேசலாம்'னேன். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அவளும் சரிங்கன்னு எந்திரிச்சு டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. ஞாயித்துக்கெழமை அவ மறந்துட்டா போல, ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு நியூஸ் ஓடுது, எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறல. அந்தப் போன் பொம்பளை இந்நேரம் அவ புருசன்கிட்ட சொல்லியிருப்பாளா, அவன் கேட்டிருப்பானான்னே ஓடிட்டு இருந்துச்சு.

ஏன் எழுதறதை நிறுத்திட்டீங்க? எழுதிக்கங்க, உங்களுக்கு உபயோகப்படும்.

அடுத்த மாசம் சவுந்தரி துணி காயப்போட மாடிக்குப் போனவ, படியில மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க நர்சு துணி மாத்தறப்பதான் பாத்திருக்காங்க. மாருல கட்டி. கட்டிகூட இல்ல, புண்ணாவே ஆயிருச்சு. துணியை மடிச்சு உள்ள வச்சுக் கட்டிக்கிட்டு சமைச்சுட்டு இருந்திருக்கா. நுரையீரலுக்குப் போயிருச்சுன்னுட்டாங்க. அந்த லேடி டாக்டர் எங்கிட்ட சத்தம் போடறாங்க, 'ஒரே வீட்டுல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?'ன்னு. அவ சொன்னாத்தானுங்களே தெரியும்?

இதுதான் அம்மிணி எனக்கு ஆறவே ஆறாத விசயம். ஊரு பேரு தெரியாதவங்கல்லாம் எங்கிட்ட வந்து கொட்டறாங்க. தூக்கு மாட்டக் கயிறு எடுத்தவனை எங்குரல்ல எறக்கி வச்சிருக்கேன். கட்டின பொண்டாட்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எவ்வளவு பெரிய அவமானம் பாருங்க. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க? எனக்கு துரோகம் பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. இப்பவும் இருக்குது.

நான் கேட்டேன். விட்டுருவேனா? கட்டில் பக்கத்துல உக்காந்து நேராவே கேட்டேன். 'ஏன் சவுந்தரி எங்கிட்ட சொல்லல?'ன்னு. அவ என் மொகத்தையே பாத்தா. 'சொன்னனேங்க'ன்னா. 'எப்பச் சொன்ன?'ன்னேன். 'நெறைய தடவை சொன்னேன். நீங்க கேட்டுட்டுத்தான இருந்தீங்க. வைக்கவே இல்லையே நீங்க'ன்னா. சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு.

வலி மருந்து குடுத்திருந்தாங்க. அந்த வேகத்துல பொலம்பறாங்கன்னு நர்சும் சொல்லுச்சு. சித்திரை முடியறப்ப போயிட்டா.

இல்ல, டிஷ்யூ வேண்டாம். கண்ணுல எனக்கு எப்பவும் தண்ணி வரும், ஆபரேசன் பண்ணதுல இருந்து.

காரியமெல்லாம் முடிஞ்சு ஆடியில மறுபடி சென்டருக்குப் போனேன். மொதல்ல ரோஸ்லின் டீச்சர்கிட்ட கேட்டது அதைத்தான். என் ஆளு கூப்பிட்டாங்களான்னு. 'நீங்க லீவு போட்டதுல இருந்து ஒரு தடவைகூட வரல சார்'னாங்க. அப்ப எனக்கு ஒரு சந்தோசம். சொல்லிட்டாங்க போல, புருசன்கிட்ட. அவன் கேட்டுட்டான் போல. வீடு சரியாயிருச்சு, இனி நாம எதுக்குன்னு விட்டுட்டாங்க. நம்ம வேலைல ஜெயிக்கறதுன்னா அதானுங்களே, அவங்க நம்மளை மறந்துரணும்.

அப்படித்தான் நெனைச்சேன். ஆனா புதன்கெழமை வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. அந்த நேரத்துல வேற யாராவது கூப்பிட்டாப் பத்திக்கிட்டு வருது. லைன் பிஸியா இருந்து அவங்க வச்சுட்டா? கார்த்திகையில ஒரு காலேஜ் பொண்ணு கூப்பிட்டு அழுதுச்சு. 'சுருக்கமாச் சொல்லும்மா, இன்னொருத்தங்க கூப்பிடுவாங்க'ன்னுட்டேன். அது வச்சிருச்சு. டீச்சர் பாத்துட்டு இருந்தாங்க. அவங்க யாருகிட்டயும் போட்டுக் குடுக்கறவங்க இல்ல, ஆனா சொல்லிட்டாங்க. சென்டர் நடத்தறவங்க கூப்பிட்டு, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க தண்டபாணி சார்னுட்டாங்க. அந்தப் பொண்ணு அடுத்த வாரமே கூப்பிட்டு டீச்சர்கிட்ட பேசிருச்சு, நல்லாத்தான் இருக்குது. ஒரு தடவை, அதுக்கு இவ்வளவு தண்டனை.

அதனால மத்தியானத்துல வீட்டுல தனியா உக்காந்தேன். வாழ்க்கையில மொதத் தடவை. நெசமாத்தான் சொல்றேன். மில்லுல இருந்தப்ப எங்க? ரிட்டயர் ஆனப்புறமும் காலையில கெளம்பினா சங்கம், லைப்ரரி, கூட்டம், சென்டர்னு பொழுது சாஞ்சுதான் வருவேன். வந்தா டிவி. இப்ப டிவி போடறதில்ல. சவுந்தரி போனப்ப ஹேமா நிறுத்தினா, அப்புறம் போடத் தோணல.

மொத நாளு சாப்பிட்டுட்டு ஈசிச் சேர்ல சாஞ்சேன். கீச்னு ஒரு சத்தம். மேல பாத்தா பேன். ஒவ்வொரு சுத்துக்கும் கீச். எங்கயோ கேட்ட சத்தமா இருக்குதேன்னு எந்திரிச்சு உக்காந்தேன். சமையக்கட்டுல பிரிஜ் ஒரு ஒதறு ஒதறிச்சு. பாட்டிலெல்லாம் இடிச்சுக்குச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு மாடியில பசங்க ஆரம்பிச்சாங்க. ஓரெண்டு ரெண்டு. ஈரெண்டு நாலு. அங்க நர்சரி நடக்குதுன்னு எனக்குத் தெரியும், போர்டு பாத்திருக்கேன். சத்தம் கேட்டதில்ல. எல்லாரும் முடிச்சாங்க. நான் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒரு குட்டி தனியா, 'இருவது'ன்னுச்சு.

பயந்துட்டேன். பொய் சொல்ல மாட்டேன், பயந்துட்டேன். சட்டையை மாட்டிட்டுப் போயி அந்த நர்சரி டீச்சரம்மாகிட்ட சத்தம் போட்டேன், யாரு அந்தக் குட்டி, எங்கிருந்து வந்துச்சு, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு. அவங்க பயந்து போயி எதிர் வீட்டுல சொல்லி, அவங்க ஹேமாவுக்குப் போன் பண்ணிட்டாங்க. அதுலதான் ஆரம்பிச்சது, அப்பாவுக்கு என்னவோ ஆயிருச்சுன்னு.

எனக்கு ஒண்ணும் ஆகல. காது பழக்கம். வருசக்கணக்கா மத்தவங்க வீட்டுச் சத்தத்தையே கேட்டுட்டு இருந்தா, அது நம்ம கூடவே வீட்டுக்கு வந்துரும். உங்களுக்கும் வரும் பாருங்க.

இன்னொண்ணு. இதை ஹேமாகிட்டகூட சொல்லல. வருசத் திதி வருதேன்னு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டேன். பெயிண்டர் ஒருத்தன், தங்கவேலுன்னு. ஹாலை முடிச்சுட்டுக் கூப்பிட்டுக் காட்டறான். 'சார், இந்த எடத்துல மட்டும் நிக்க மாட்டேங்குது, எண்ணெய்ச் செவுரு. எத்தனை தடவை அடிச்சாலும் மேல வந்துரும்'ங்கறான். எங்கடான்னா, போன் ஸ்டூலுக்குப் பக்கத்துல. ரொம்பக் கீழ. தரையில உக்காந்து, தலையை அப்படியே செவுத்துல சாச்சு வச்சா, அந்த ஒசரம். ஒரு தலை அளவுக்கு வட்டமா. தேங்காண்ணெய்.

யாரு அங்க அவ்வளவு நேரம் உக்காந்திருப்பா சொல்லுங்க? சவுந்தரிக்குப் போன் பேச யாரு இருக்கா? பொண்ணு பேசறதுன்னா செல்லுலதான் பேசுவா. வேலைக்காரி யாராவது உக்காந்திருப்பான்னு தங்கவேலுகிட்ட சொன்னேன். எங்க வீட்டுல வேலைக்காரி வச்சதே இல்லைங்கறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. இன்னொரு தடவை அடிக்கட்டுமான்னு கேட்டான். வேண்டாம், விட்டுருன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. அவன் போனப்புறம் குனிஞ்சு மோந்து பாத்தேன். பெயிண்டு வாசம்தான் வந்துச்சு.

இருங்க அம்மிணி, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். முடிச்சுக்கறேன், கொஞ்சம்தான் இருக்குது.

போன புதன்கெழமை. மத்தியானம். நான் போயி அங்க தரையில உக்காந்தேன். முட்டி வலிக்குது, ஆனாலும் உக்காந்தேன். தலையைச் சாச்சேன். சரியா அந்த எடத்துல படல, நான் கொஞ்சம் ஒசரம். சறுக்கி சறுக்கிக் கீழ எறங்கினேன். அப்பப் பட்டுச்சு. போனை எடுத்து சென்டர் நம்பரை அடிச்சேன். லீவுல இருக்கறவன் நலம் விசாரிக்கக் கூடாதுங்களா? அதுக்குத்தான்.

ரோஸ்லின் டீச்சர் எடுத்தாங்க. 'வணக்கம், சொல்லுங்க'ன்னாங்க. நான் தண்டபாணி பேசறேன் டீச்சர்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வரல. இந்த வாயி, காலேஜ் காலேஜாப் பேசின வாயி, வரவே இல்ல. மூச்சு மட்டும் போகுது. மேல பேன் கீச்சுங்குது. பக்கத்துல பசங்க ஓரெண்டு ரெண்டுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. டீச்சரும் பேசாம கேட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் குரலைத் தணிச்சு, ரொம்பப் பிரியமா, என்ன சொன்னாங்க தெரியுங்களா?

'அம்மா, நீங்களா? எத்தனை நாளாச்சும்மா. உங்ககிட்ட பேசறவரு இப்ப வர்றதில்லம்மா. அவரு வீட்டம்மா தவறிட்டாங்க. அவரே ரொம்ப ஒடைஞ்சு போயிருக்காரு. வந்ததும் நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்றேம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?'

நான் வைக்கல. எப்படி வைக்கறது? பசங்க முடிச்சாங்க. அந்தக் குட்டி இருவதுன்னுச்சு. பிரிஜ் ஒதறி நின்னுச்சு. எல்லாச் சத்தமும் இருந்துச்சு அம்மிணி, ஒண்ணு விடாம. நான் கையைக் கையை ஆட்டிப் பாத்தேன். ரிசீவரை மாத்தி மாத்திப் புடிச்சுப் பாத்தேன். வளையல் சத்தம் மட்டும் வரல.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க சொல்ல வர்றதை நான் கேக்கல. கதவைச் சாத்திருங்க. சாத்திட்டு சென்டருக்கு அந்தப் போனை மட்டும் போட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். புதன்கெழமை நான் அங்க இருக்கணும். வேற யாரு எடுத்தாலும் அவ வச்சிருவா.